ஓட்டுரிமை இல்லாத பெரும் பணக்காரர்: சார்லஸ் கரோல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் 56 பேர். அதில் கத்தோலிக்கர் ஒரே ஒருவர்: மேரிலாந்தின் சார்லஸ் கரோல். ஜெபர்சன், பிராங்க்ளின், ஆடம்ஸ் என்று வரிசையாகச் சொல்பவர்கள்கூட இவர் பெயரில் கொஞ்சம் தடுமாறுவார்கள். அவரைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே பார்க்கலாம்.

அவர் பெயருக்குப் பின்னால் "கரோல்டன்" என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது என்ன?

தாத்தா பெயர் சார்லஸ் கரோல். அப்பா பெயர் சார்லஸ் கரோல். இவரும் சார்லஸ் கரோல். பங்காளிகளிலும் அதே பெயரில் இன்னும் சிலர். ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் தெரியும் என்ற நிலைமை. அப்பா "அனாபொலிஸ் கரோல்". மகன் ஐரோப்பாவில் படிப்பு முடித்து 1765இல் திரும்பியபோது, பிரெடரிக் மாவட்டத்தில் இருந்த கரோல்டன் என்ற பண்ணையை அப்பா அவருக்கு ஒதுக்கினார். 10,000 ஏக்கர் அளவுக்கு நிலம், அதில் குத்தகைதாரர்கள். அன்றிலிருந்து அவர் "கரோல்டனைச் சேர்ந்த சார்லஸ் கரோல்". ஆனால் அந்தக் கரோல்டனில் அவர் குடியிருந்ததே இல்லை. அனாபொலிஸ் நகர வீட்டிலும் டோரிகன் என்ற இன்னொரு பண்ணை வீட்டிலும்தான் வாழ்ந்தார்.

பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டபோது, பிரிட்டிஷார் தன்னை அடையாளம் கண்டுபிடிக்கட்டும் என்று துணிச்சலாக ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதினார் என்கிறார்களே?

நல்ல கதை, ஆனால் வெறும் கதைதான். அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்பிருந்தே அவர் கையெழுத்து அப்படித்தான். அவர் பேனாவை வைத்ததும் பக்கத்தில் நின்ற ஒருவர் "இதோ போயின சில மில்லியன்கள்" என்று சொன்னாராம். அதுவும் பிற்காலத்தில் பரவியதுதான். ஆனால் சொத்து பறிபோகும் ஆபத்து இருந்தது மட்டும் உண்மை. காலனிகளிலேயே பெரிய சொத்து இவருடையதாக இருக்கலாம், அத்தனையையும் இந்தப் போராட்டத்துக்காகப் பணயம் வைத்துவிட்டார் என்று அதே 1776இல் ஜான் ஆடம்ஸ் ஒரு கடிதத்தில் வியந்து எழுதினார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். ஜூலை 4 அன்று, காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய பிலடெல்பியா மாநாட்டிலேயே அவர் இல்லை. மேரிலாந்து அவரைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்ததே அன்றுதான். ஜூலை 18 அன்று போய் உட்கார்ந்தார். ஆகஸ்ட் 2 அன்று தோல் பிரதியில் மற்றவர்களோடு கையெழுத்துப் போட்டார்.

அவ்வளவு பணக்காரர். அப்புறம் ஏன் "ஓட்டுரிமை இல்லாதவர்" என்கிறீர்கள்?

அவர் வாழ்க்கையின் முடிச்சே இதுதான். மேரிலாந்து காலனியை உருவாக்கியதே ஒரு கத்தோலிக்கக் குடும்பம்: பால்டிமோர் பிரபுக்கள். 1634இல் முதல் குடியேறிகள் வந்தார்கள். கிறிஸ்தவர்கள் எந்தச் சபையாக இருந்தாலும் தொந்தரவு செய்யக் கூடாது என்று 1649இல் ஒரு சட்டமும் போட்டார்கள். ஆனால் எண்ணிக்கையில் புரொட்டஸ்டன்டுகளே அதிகம். இங்கிலாந்தில் 1688இல் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் துரத்தப்பட்டார். மறு வருடமே மேரிலாந்திலும் ஆட்சி கவிழ்ந்தது.

கரோலின் தாத்தா அயர்லாந்திலிருந்து வந்து இறங்கியது சரியாக அந்த 1688 அக்டோபரில். கையில் மேரிலாந்தின் தலைமை அரசு வழக்கறிஞர் பதவிக்கான நியமனம். "எங்கே ஆனாலும் சரி, சுதந்திரம் இருந்தால் போதும்" என்ற பொருள் தரும் லத்தீன் வாசகத்தைத் தன் குடும்ப வாசகமாக வைத்துக்கொண்டு கப்பல் ஏறியவர். வந்த கொஞ்ச காலத்திலேயே பதவி போய்விட்டது.

அதற்குப் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. கத்தோலிக்கர் அரசுப் பதவி வகிக்க முடியாது, வக்கீல் தொழில் செய்ய முடியாது, பள்ளிக்கூடம் நடத்த முடியாது. பொது இடத்தில் பூசை வைக்கக் கூடாது, வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். 1718இல் ஓட்டும் போனது. 1756இல் கத்தோலிக்கருக்கு மட்டும் நிலவரி இரட்டிப்பானது. நிலம் வாங்கவும் வட்டிக்கு விடவும் வியாபாரம் செய்யவும் யாரும் தடுக்கவில்லை. கரோல் குடும்பம் அதையெல்லாம் வெறியோடு செய்தது. அரசியல் வாசல் அடைபட்டதால் பணம் சேர்த்தார்கள், அந்தப் பணம் பிறகு அரசியல் வாசலைத் திறந்தது. என் வாசிப்பில் மூன்று தலைமுறைக் கதையும் இந்த ஒரு வரிக்குள் வந்துவிடுகிறது.

படிப்பு எங்கே?

உள்ளூரில் கத்தோலிக்கப் பள்ளி நடத்தத் தடை. அதனால் சேசு சபைக் குருக்கள் பொஹீமியா என்ற இடத்தில் சத்தமில்லாமல் நடத்திய சிறு பள்ளியில் முதலில் கொஞ்ச காலம். பிறகு 1748இல், 11 வயதுகூட நிறையாத பையனை, உறவுக்காரப் பையன் ஜான் கரோலோடு கப்பலேற்றி பிரான்சுக்கு அனுப்பினார்கள். செயிண்ட் ஓமர், ரெய்ம்ஸ், பாரிஸ், பூர்ழ், கடைசியில் சட்டம் படிக்க லண்டன். மொத்தம் 16 வருடங்கள் வீட்டு முகம் பார்க்கவில்லை. 1761இல் தாயார் எலிசபெத் புரூக் இறந்தபோதும் அவர் கடலுக்கு அந்தப் பக்கத்தில்தான் இருந்தார். படிப்பு எல்லாம் அப்பாவின் கடிதங்கள் வழியாகவே மேற்பார்வை செய்யப்பட்டது. என்ன படிக்க வேண்டும், எவ்வளவு செலவு செய்யலாம், எப்படிப்பட்ட பெண்ணைப் பார்க்க வேண்டும் என்பதுவரை எழுதுகிற அப்பா.

லண்டனில் சட்டம் படித்தும், ஊருக்குத் திரும்பினால் வக்கீலாக முடியாது என்று இருவருக்கும் தெரியும். சொத்தைக் காப்பாற்றவாவது சட்டம் தெரிந்திருக்கட்டும் என்பது அப்பாவின் கணக்கு.

அவருடைய பெற்றோர் மணமாகாதவர்களா?

அவர் 1737 செப்டம்பர் 19 அன்று பிறந்தபோது ஆகவில்லை. சேர்ந்து வாழ்ந்தார்கள், ஆனால் சட்டப்படி மணம் செய்துகொண்டது 1757இல், மகனுக்கு 20 வயது நெருங்கும்போது. சொத்துக்கு வாரிசு யார் என்பதைக் கடைசிவரை தன் கையில் வைத்திருக்க அப்பா போட்ட திட்டம் இது என்று வரலாற்றாசிரியர்கள் விளக்குகிறார்கள். மகன் தேறினால் வாரிசு, தேறாவிட்டால் இல்லை. கொடுமையான அப்பா என்று தோன்றலாம். மகன் அப்படி நினைத்ததாகக் கடிதங்களில் தெரியவில்லை.

"முதல் குடிமகன்" விவகாரம் என்பது என்ன?

அவரை அரசியலுக்குள் கொண்டுவந்தது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் மேரிலாந்து அரசு அதிகாரிகளுக்குச் சம்பளம் கிடையாது. பத்திரம் பதிய, வாரண்ட் எழுத என்று ஒவ்வொரு வேலைக்கும் மக்களிடம் கட்டணம் வாங்கிக்கொள்வார்கள். அதற்கான கணக்கே புகையிலை எடையில்தான். 1770இல் இந்தக் கட்டணங்களை நிர்ணயித்த சட்டம் காலாவதியானது. கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்றது மக்கள் சபை, முடியாது என்றது மேல்சபை. கவர்னர் ராபர்ட் ஈடன் சபையைக் கலைத்துவிட்டுத் தானே ஓர் அறிவிப்பு போட்டுப் பழைய கட்டணமே தொடரும் என்றார்.

1773 ஜனவரியில் 'மேரிலாந்து கெஜட்' பத்திரிகையில் பெயர் போடாத ஒரு கட்டுரை வந்தது. முதல் குடிமகன், இரண்டாம் குடிமகன் என்று இருவர் வாதாடுகிறார்கள். முதல் குடிமகன் கவர்னரைத் திட்டுகிறான், இரண்டாமவன் அவனை மடக்கிவிடுகிறான். எழுதியவர் டேனியல் டுலேனி. அந்தக் காலனியின் மிகப் பெரிய வக்கீல், அரசுச் செயலாளர் பதவியில் இருந்தவர், அந்தக் கட்டணங்களில் அவருக்கும் பங்கு உண்டு. காலனிகளின் பத்திரங்கள்மீது பிரிட்டன் போட்ட ஸ்டாம்பு வரியை எதிர்த்து 1765இல் அவர் எழுதிய பிரசுரம் காலனிகள் முழுக்கப் படிக்கப்பட்டது என்பது இதில் வேடிக்கை.

பிப்ரவரியில் கரோல் களம் இறங்கினார். "முதல் குடிமகன்" என்ற, தோற்றுப்போன அந்தப் பாத்திரத்தின் பெயரையே எடுத்துக்கொண்டார். மக்கள் பிரதிநிதிகள் சம்மதிக்காமல் வசூலிக்கும் கட்டணமும் வரிதானே என்றார். டுலேனி ஸ்டாம்பு வரிக்கு எதிராகத் தீட்டிய கத்தி அவர் பக்கமே திரும்பியது. "ஆண்டிலான்" என்ற பெயரில் டுலேனி பதில் எழுதினார். இப்படியே ஆளுக்கு நான்கு கடிதங்கள். பத்திரிகையை நடத்தியவர் ஆன் கேதரின் கிரீன் என்ற விதவைப் பெண்மணி. இரண்டு பேருக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தார்.

வாதத்தில் இறங்குமுகம் கண்டதும் டுலேனி மதத்தை எடுத்தார். இந்தக் குடிமகன் யார்? சட்டசபையில் உட்கார முடியாதவன், ஓட்டுக்கூடப் போட முடியாதவன், நாட்டின் சட்டமே நம்பாத கொள்கை உடையவன், இவனுக்கு இங்கே என்ன பேச்சு என்றார். கரோலின் பதில் நிதானமானது. என் மத நம்பிக்கையைச் சொல்ல இது இடமும் இல்லை, நேரமும் இல்லை. என் அரசியல் கருத்து சரியா தவறா என்பதை மட்டும் பேசுங்கள் என்றார். 1773இல், பாப்பரசர் பெயரைச் சொன்னாலே ஆத்திரப்படுகிற ஊரில் இப்படி எழுதுவது சின்ன விஷயம் இல்லை.

மே மாதம் தேர்தல் வந்தது. அனாபொலிஸில் கவர்னரின் அறிவிப்புக்கு ஊரே சேர்ந்து சவ ஊர்வலம் நடத்தியது. முன்னால் கொடிகள், துணி சுற்றி ஒலி அடக்கிய முரசுகள், குழல்கள், இடைவெளி விட்டு முழங்கிய பீரங்கி. அறிவிப்பின் வாசகத்தை டுலேனியின் கட்டுரையிலிருந்தே வெட்டி எடுத்துச் சவப்பெட்டியில் வைத்தார்கள், தூக்குமரத்தில் ஏற்றினார்கள், பிறகு புதைத்தார்கள். வென்றவர்கள் கரோலுக்குப் பகிரங்கமாக நன்றி சொன்னார்கள். அந்தத் தேர்தலில் அவருக்கு ஓட்டு இல்லை.

1776இல் கனடாவுக்கு எதற்குப் போனார்?

பிரெஞ்சு சரளமாகப் பேசுவார், கத்தோலிக்கர், கியூபெக் மக்களும் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர். காங்கிரஸ், அதாவது காலனிகளின் அந்தப் பிலடெல்பியா மாநாடு, வேறு யாரை அனுப்பும்? 70 வயது பிராங்க்ளின், சாமுவேல் சேஸ் ஆகியோரோடு கரோல் தூதுக்குழுவில் இருந்தார். உறவுக்காரரான ஜான் கரோலும் கூடப் போனார். இப்போது அவர் குருவானவர். ஏப்ரல் 2 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பி, பனிக்கட்டி மிதக்கும் ஏரிகளைப் படகில் கடந்து, 29 அன்று மாண்ட்ரியல் சேர்ந்தார்கள். கரோல் வழிநெடுக நாட்குறிப்பு எழுதினார்.

போன காரியம் தோல்வி. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1774 அக்டோபரில் காங்கிரஸ் சில நாள் இடைவெளியில் இரண்டு கடிதங்கள் எழுதியிருந்தது. பிரிட்டிஷ் மக்களுக்கு எழுதியதில், இங்கிலாந்தை ரத்தத்தில் நனைத்த மதம் என்று கத்தோலிக்கத்தைத் திட்டியது. கியூபெக் மக்களுக்கு எழுதியதில், மத வேறுபாடு நம் நட்புக்குத் தடையல்ல என்று குழைந்தது. கனடாக்காரர்கள் இரண்டையும் படித்துவிட்டார்கள். தவிர, பிரிட்டன் அந்த வருடமே கியூபெக் சட்டத்தின் மூலம் அவர்களுக்கு வழிபாட்டு உரிமையைக் கொடுத்திருந்தது, ஆயர் பிரியான் அரசின் பக்கம் உறுதியாக நின்றார். அமெரிக்கப் படைவீரர்கள் காகிதப் பணத்தை நீட்டிச் சாமான் எடுத்துப்போனதில் உள்ளூர்க்காரர்கள் வேறு கொதித்துப் போயிருந்தார்கள்.

புரட்சியில் அவர் சொத்து இழந்தாரா?

நிலம் போகவில்லை, ரொக்கத்தில் நல்ல அடி. 1777இல் மேரிலாந்து சட்டசபை, பழைய கடனைக் காகிதப் பணத்தில் அடைக்கலாம் என்று சட்டம் போட்டது. ஸ்டெர்லிங்கில் கடன் கொடுத்தவருக்குச் செல்லாக்காசு மாதிரித் திரும்பி வரும். ஊருக்கே கடன் கொடுத்திருந்த கிழவர் கரோல் கொதித்தார், இதற்கு வாக்களித்தவர்களோடு பேச்சே வேண்டாம் என்றார். மகன் அந்தச் சட்டத்தைச் சபையில் எதிர்த்தார், நிறைவேறியதும் ஏற்றுக்கொண்டார். புரட்சிக்கு விலை உண்டு அப்பா, ரொக்கத்தில் மூன்றில் ஒரு பங்கும், நிலங்களும் நீக்ரோக்களும் முழுசாகத் தப்பினால் அதுவே லாபம் என்ற பொருளில் எழுதினார். அந்த வாக்கியத்தில் நிலத்தோடு மனிதர்களும் சேர்ந்து வருவதைக் கவனியுங்கள்.

அப்படியானால் அடிமை முறையில் அவர் நிலைப்பாடு?

டோரிகன் பண்ணையில் மட்டும் 300க்கு மேற்பட்டவர்களை அவர் அடிமைகளாக வைத்திருந்தார். மேரிலாந்தில் அவ்வளவு பேரை வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். அடிமை முறை பெருந்தீமை என்று எழுதவும் செய்தார். 1797இல் படிப்படியாக ஒழிக்க மேரிலாந்து மேலவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. முதுமையில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் குடியேற்றச் சங்கத்துக்குத் தலைவரானார். சட்டம் வரும்வரை காத்திருக்காமல் தன் பண்ணையில் இருந்தவர்களை விடுவிக்க அவரை எந்தச் சட்டமும் தடுத்திருக்காது. பெரும்பாலோரை அவர் விடுவிக்கவில்லை.

அவர்களில் பலர் அவரைப் போலவே ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர்கள். ஜான் கரோல் 1785இல் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையில் மேரிலாந்துக் கத்தோலிக்கர் 15,800 பேர் என்று கணக்கு சொல்கிறார். அதில் ஏறக்குறைய 3,000 பேர் அடிமைகள். "ஓட்டில்லாத கத்தோலிக்கர்" என்று அவரைப் பார்த்து உருகும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின் கத்தோலிக்கர்களுக்கு உரிமை கிடைத்ததா?

கிடைத்தது, மேரிலாந்தில் உடனே. 1776இல் எழுதப்பட்ட மாநில உரிமைச் சாசனம் கிறிஸ்தவர் அனைவருக்கும் சமமான பாதுகாப்பு தந்தது. அதை எழுதிய குழுவில் கரோலும் இருந்தார். ஆனால் சொல் "கிறிஸ்தவர்" என்பதோடு நின்றுவிட்டது. யூதர்கள் பதவிக்கு வர 1826 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டபோது இங்கிலாந்திடமிருந்து விடுதலை மட்டுமல்ல, எல்லாக் கிறிஸ்தவ சபைகளுக்கும் சகிப்பும் சம உரிமையும் தன் மனதில் இருந்தன என்று 91 வயதில் எழுதிய கடிதத்திலும் அவர் அதே எல்லைக்குள்தான் நிற்கிறார்.

என்னென்ன பதவிகள் வகித்தார்?

மேரிலாந்து மேலவை, 1777 முதல் 1800 வரை. இதன் அமைப்பே பெரிதும் அவர் யோசனை: மக்கள் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள், தேர்வாளர்கள் 15 பேரை ஐந்து வருடத்துக்குத் தேர்ந்தெடுப்பார்கள். ஜனங்களின் அவசரத்துக்கு ஒரு கடிவாளம். கூட்டாட்சியின் முதல் செனட்டில் 1789 முதல் 1792 வரை இருந்தார். ஒரே ஆள் இரண்டு சபையிலும் இருக்கக் கூடாது என்று மேரிலாந்து சட்டம் போட்டதும், தேசத்தின் செனட்டை விட்டுவிட்டு மாநில மேலவையை வைத்துக்கொண்டார். இன்று யாராவது அப்படிச் செய்வார்களா? 1787 அரசியலமைப்பு மாநாட்டுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார், போகவில்லை. காகிதப் பணத்துக்கு ஆதரவான சேஸ் கோஷ்டியை ஊரில் தனியே விட்டுப்போக மனமில்லை. அந்த அரசியலமைப்பில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் இன்னொரு உறவினர், டேனியல் கரோல். கனடாவுக்குக் கூடப் போன ஜான் கரோல் அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஆயரானார்.

குடும்பம்?

1768இல் மோலி டார்னலை மணந்தார். ஏழு குழந்தைகளில் மூவர்தான் பிழைத்தார்கள். 1782இல் அப்பா வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து விழுந்து இறந்தார், சில நாட்களுக்குள் மோலியும் போனார். கரோல் மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஒரே மகன் குடியில் அழிந்தான். அவனுக்குக் கட்டிக் கொடுத்த ஹோம்வுட் மாளிகை இன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது.

பேத்திகள் கதை வேறு. மேரியான் கேட்டன் என்ற பேத்தி முதல் கணவர் இறந்தபின் 1825இல் ரிச்சர்ட் வெல்லெஸ்லி பிரபுவை மணந்தார். பெயர் எங்கோ கேட்டதாக இருக்கிறதா? 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபோதும், தஞ்சாவூர் ஆட்சி கும்பினி கைக்குப் போனபோதும், 1801இல் ஆற்காட்டு நவாபின் நாடு பறிக்கப்பட்டபோதும் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் இதே வெல்லெஸ்லிதான். மணம் நடந்தபோது அவர் அயர்லாந்தின் ராஜப் பிரதிநிதி. கத்தோலிக்கர் என்பதால் நிலம் இழந்து அயர்லாந்தை விட்டு வந்த குடும்பத்தின் பெண், அதே நாட்டின் ஆட்சியாளர் மாளிகைக்கு மனைவியாகப் போனார்.

ரயிலுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

1826 ஜூலை 4 அன்று ஜெபர்சனும் ஜான் ஆடம்ஸும் ஒரே நாளில் இறந்தார்கள். 56 பேரில் மிச்சம் கரோல் மட்டும். திடீரென்று அவர் நடமாடும் நினைவுச்சின்னமாகிவிட்டார். பால்டிமோர் அண்டு ஒஹாயோ ரயில்பாதைக்கு 1828 ஜூலை 4 அன்று முதல் கல் நாட்ட அவரைத்தான் அழைத்தார்கள். வயது 90. கொல்லர், தச்சர் என்று ஒவ்வொரு தொழிலாளர் கூட்டமும் தத்தம் கருவிகளோடு ஊர்வலம் வர, ஒல்லியான அந்தக் கிழவர் மண்வெட்டியை வாங்கி முதல் மண்ணைக் கிளறினார். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டதற்கு அடுத்தபடி தன் வாழ்வின் முக்கியக் காரியம் இதுதான், ஒருவேளை அதற்கும் மேலாக இருக்கலாம் என்றார். அதே நாளில் போட்டிக் கால்வாய்த் திட்டத்துக்கு ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் மண் வெட்டினார். மண்வெட்டி வேரில் மாட்டிக்கொள்ள, கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வெட்டினாராம். கால்வாய் கடைசிவரை ஒஹாயோவை எட்டவில்லை. ரயில் எட்டியது.

எப்போது இறந்தார்? இப்போது அவர் நினைவாக என்ன இருக்கிறது?

1832 நவம்பர் 14, பால்டிமோரில் மகள் குடும்பத்து வீட்டில், 95 வயதில். அதற்கு முந்தைய வருடம் அவரைப் பார்க்க வந்த பிரெஞ்சு அரசியல் எழுத்தாளர் தொக்வில்லிடம், வெறும் ஜனநாயகம் என்பது கும்பல்தான் என்று சொன்னார். கடைசிவரை அந்தக் கருத்து மாறவில்லை.

அனாபொலிஸ் வீடு, தேவாலய வளாகம் ஒன்றுக்குள் இருக்கிறது. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் மேரிலாந்து கொடுத்த இரண்டு சிலைகளில் ஒன்று அவருடையது. டோரிகன் பண்ணை வீடு இன்னும் அவர் வம்சத்தார் கையில்தான், பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. அந்த வீட்டோடு ஒட்டிய சிற்றாலயத்தில்தான் அவரை அடக்கம் செய்தார்கள். வெளியே பூசை வைக்கக் கூடாது என்ற காலத்து வழக்கத்தில் வீட்டோடு சேர்த்துக் கட்டிய ஆலயம். அவர் பெயரிட்டு 1829இல் கட்டி முடித்த கரோல்டன் கற்பாலத்தின் மேல் இன்றும் சரக்கு ரயில்கள் ஓடுகின்றன.